பிலாட்டீஸ் காலுறை: எந்த நூல், எந்தப் பிடிப்புப் பசை?

எழுதியவர்: நூற்கண்டு

அனைவருக்கும் வணக்கம். திருப்பூருக்கு அருகே எட்டுப் பின்னல் எந்திரங்களை வைத்துக்கொண்டு நானும் என் கணவரும் பள்ளிக் காலுறைகளையும் கணுக்கால் அளவுக் காலுறைகளையும் பின்னிக் கொடுத்து வருகிறோம். ஆறு எந்திரங்கள் 144 ஊசி கொண்டவை. மற்ற இரண்டும் 168 ஊசி. சென்னையில் ரிஃபார்மர் என்ற, வில்கம்பிகளால் இழுபட்டு நகரும் படுக்கை கொண்ட கருவியில் பிலாட்டீஸ் பயிற்சி தரும் ஒரு கூடத்தார், உள்ளங்காலில் வழுக்காத புள்ளிகள் பதித்த காலுறைகள் 600 ஜோடி வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். பின்னுவதில் எங்களுக்குப் பழக்கம் உண்டு. அந்தப் புள்ளிகள்தான் எங்களைப் படுத்துகின்றன.

முதல் மாதிரியை 80 விழுக்காடு பருத்தி, 17 விழுக்காடு நைலான், 3 விழுக்காடு ஸ்பான்டெக்ஸ் (ரப்பர்போல் நீளும் நூல்) என்ற கலவையில் பின்னி, டி-ஷர்ட்டுக்கு அச்சிடும் ஒரு பட்டறையில் கொடுத்து, பி.வி.சி. பிளாஸ்டிசால் பசையால் புள்ளி வைத்தோம். பத்துச் சலவைக்குள் புள்ளிகள் வெடித்துவிட்டன. ஓரத்தை நகத்தால் நெம்பினாலே பெயர்ந்து வந்தன. அடுத்து வேறொரு பட்டறையில் சிலிகோன் வைத்தோம். வெள்ளையும் சாம்பல் நிறமும் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி வந்தன. கறுப்புக் காலுறையில் மட்டும், அதே பசை, அதே அடுப்பு, அதே நாள், புள்ளி இறுகவே இல்லை. இரண்டு நாள் கழித்துத் தேய்த்துப் பார்த்தபோதும் கட்டைவிரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. பட்டறைக்காரர் நூலைக் குறை சொல்கிறார். நூல் கொடுத்தவர் பட்டறையைக் குறை சொல்கிறார்.

இவ்வளவும் போதாதென்று, நன்றாக வந்த வெள்ளை மாதிரியை அணிந்து பார்த்த பயிற்றுநர், "காலுறை கருவியில் நிற்கிறது, என் கால்தான் காலுறைக்குள் நழுவுகிறது" என்று திருப்பி அனுப்பிவிட்டார். இந்த வேலைக்குப் பருத்தியின் பங்கைக் கூட்ட வேண்டுமா, நைலானைக் கூட்ட வேண்டுமா, பி.வி.சி., சிலிகோன் தவிர வேறு பசை ஏதும் உண்டா, புள்ளிகளை எங்கெங்கே வைப்பது என்பவற்றை இத்துறையில் கைபட்டவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.


எழுதியவர்: அச்சுப்பட்டறை

சகோதரி, உங்கள் கறுப்புக் காலுறையிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மூன்று சிக்கல்களிலும் காரணம் தெளிவாகத் தெரிவது அதில்தான். துணியில் அச்சிடும் இரண்டு பாகச் சிலிகோன் பெரும்பாலும் பிளாட்டினம் சேர்ந்த வினையூக்கியால் இறுகுவது. அந்த வினையூக்கிக்குக் கந்தகம் நஞ்சு. கந்தகம், அமீன்கள், சில வெள்ளீயச் சேர்மங்கள் ஆகியவை துணியில் சிறிதளவு தங்கியிருந்தாலும் வினையூக்கி செயலிழந்துவிடும்; பசை எத்தனை நேரம் அடுப்பில் இருந்தாலும் தொட்ட இடத்தில் இறுகாது. பருத்தி நூலுக்குக் குறைந்த செலவில் ஆழ்ந்த கறுப்பைத் தருவது சல்ஃபர் கறுப்புச் சாயம். உங்கள் கறுப்பு நூல் அந்தச் சாயத்தில் தோய்ந்ததா என்று சாயப்பட்டறையில் கேளுங்கள். நான் பந்தயம் கட்டத் தயார். வெள்ளைக்குச் சாயமே இல்லை, சாம்பலுக்கு வேறு வகைச் சாயம் போட்டிருப்பார்கள், அதனால் அவை தப்பின.

அதே கறுப்பை, இழையோடு வேதிப்பிணைப்பில் சேரும் ரியாக்டிவ் சாயத்தில் கேட்டு வாங்குவதுதான் இதற்கு நேரான வழி. நூலின் விலை கூடும், ஆனால் புள்ளி நிற்கும். கந்தகத்தைத் தாங்கும்படி செய்த வினையூக்கிகளும் கிடைக்கின்றன. ஆனால் ஒவ்வொரு முறை சாயம் மாறும்போதும் அவற்றை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு அச்சிட நான் துணிய மாட்டேன். எந்த நிறமானாலும், முழு வேலைக்கு முன் அந்த நூலில் பின்னிய துண்டிலும் வெள்ளைத் துணியிலும் ஒரே பசையைத் தடவி ஒன்றாக அடுப்பில் வையுங்கள். வெள்ளையில் இறுகிக் கறுப்பில் இறுகாவிட்டால், யார் பக்கம் தவறு என்ற வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

சாயத்துக்கு அடுத்தபடியாகப் பார்க்க வேண்டியது மென்மையூட்டி. காலுறை பின்னி முடிந்ததும் கைக்கு வழவழப்பாக இருக்கட்டும் என்று சிலிகோன் சேர்ந்த மென்மையூட்டியில் முக்கி எடுப்பது நம் ஊர் வழக்கம். துணியில் அந்த வழவழப்பு ஏறிவிட்டால் எந்தப் பசையும் இழைக்குள் இறங்கிப் பிடிக்காது, மேலே படலமாக உட்கார்ந்துகொள்ளும். அச்சுக்குப் போகும் காலுறைக்கு மென்மையூட்டி வேண்டவே வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். உங்கள் பி.வி.சி. புள்ளிகளின் ஓரம் பெயர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பி.வி.சி. வெடித்ததற்கு முதற்காரணம் வெப்பம் என்று நினைக்கிறேன். பிளாஸ்டிசால் முழுமையாக உருகிச் சேர, பசையின் அடிவரை ஏறத்தாழ 160 பாகை செல்சியஸ் சென்றடைய வேண்டும். டி-ஷர்ட்டின் மெல்லிய படத்துக்கு அது எளிது. ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்கு எழும்பிய புள்ளிக்கு அடுப்பில் கூடுதல் நேரம் வேண்டும். நேரத்தைக் கூட்டினால் ஸ்பான்டெக்ஸ் தளர்ந்துவிடும், வெள்ளை நைலான் மஞ்சளாகும் என்று பட்டறைக்காரர் அஞ்சியிருப்பார். அவருடைய அச்சமும் நியாயமானதே. ஆக மேல்தோல் வெந்து உள்ளே வேகாத தோசையாக அந்தப் புள்ளி வந்திருக்கிறது. சிலிகோன் 120 முதல் 150 பாகைக்குள் சில நிமிடங்களில் இறுகிவிடுவதால் காலுறையின் இழுவைக்குக் கேடு குறைவு; இறுகிய பின் நன்றாக நீண்டு சுருங்கவும் செய்யும். ஏற்றுமதி எண்ணம் இருந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். பி.வி.சி.யை மென்மையாக்கச் சேர்க்கும் டி.இ.எச்.பி. முதலான நான்கு தாலேட்டுகள் சேர்ந்து மென்மையாக்கிய அந்தப் பொருளின் எடையில் 0.1 விழுக்காட்டை எட்டினாலே ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது. 2020 ஜூலை முதல் அந்தக் கட்டுப்பாடு நடைமுறையில் இருக்கிறது. தாலேட் இல்லாத பிளாஸ்டிசால் இருக்கிறது, ஆனால் அதற்குரிய சான்றைப் பசை விற்பவரிடம் எழுத்தில் வாங்க வேண்டும்.

மற்றப் பசைகளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நீரில் கரைத்த, சூட்டில் உப்பும் அக்ரிலிக் பஃப் பசை மலிவானது, மென்மையானது, சீக்கிரம் தேய்ந்துவிடும். மருத்துவமனையில் சில நாள் அணிந்து எறியும் காலுறைக்குப் போதும். இயற்கை ரப்பர் பால் நன்றாகப் பிடிக்கும், ஆனால் ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பதால் பொதுக்கூடத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.


எழுதியவர்: ஊசிக்கணக்கு

பசையைப் பற்றி மேலே எழுதிய நண்பர் கூறியதை ஏற்கிறேன். ஆயினும் உங்கள் மூன்றாவது சிக்கலுக்குப் பசை காரணமில்லை. பிலாட்டீஸ் காலுறையில் இரண்டு வழுக்கல்கள் உண்டு: காலுறைக்கும் கருவிக்கும் இடையே ஒன்று, காலுக்கும் காலுறைக்கும் இடையே இன்னொன்று. வெளியே எவ்வளவு நல்ல சிலிகோனை வைக்கிறோமோ அவ்வளவுக்கு இரண்டாவது வழுக்கல் வெளிச்சத்துக்கு வரும், ஏனென்றால் முன்பு காலுறையும் காலும் சேர்ந்தே நழுவியதால் அது தெரியாமல் இருந்தது.

நாம் வழக்கமாகப் பின்னும் முறையில் பருத்தி வெளிமுகத்திலும், நைலான் சுற்றிய ஸ்பான்டெக்ஸ் உள்முகத்திலும் விழுகின்றன. தரைக்குப் பருத்தி, தோலுக்கு நைலான் என்றாகிறது. உலர்ந்த பாதம் வழவழப்பான நைலான் இழைமேல் எளிதில் நழுவும். அப்படியானால் இரண்டையும் இடம் மாற்றி, பருத்தியை உள்ளேயும் நைலானை வெளியேயும் போட்டால் என்ன என்று நானும் ஒரு காலத்தில் முயன்றேன். கால் நின்றது, புள்ளி போயிற்று. சிலிகோன் துணியைப் பிடிப்பது பெரும்பாலும் இழைகளுக்குள் இறங்கி நங்கூரமிடுவதால்தான். நூற்ற பருத்தி நூலின் மேலுள்ள நுண்மயிர்கள் அதற்கு இடம் கொடுக்கின்றன, வழவழப்பான நைலான் இழையில் அந்தக் கொளுவல் இல்லை.

நான் கடைசியில் வந்து நின்ற இடம் இது. சுற்றிய ஸ்பான்டெக்ஸில் 20 டெனியர் (டெனியர் என்பது நூலின் பருமனைக் குறிக்கும் அலகு) ஸ்பான்டெக்ஸின் மேல் 70 டெனியர் நைலான் சுற்றியதைத்தான் எல்லோரும் போடுகிறோம். அதை விட்டு 30 டெனியர் நைலான் சுற்றியதை வாங்கிப் போட்டால், நைலான் அவ்வளவு மெலிந்துபோவதால் பருத்தி இரு முகங்களிலும் தலைகாட்டும். தேய்மானத்துக்காக நைலானைத் தனியே குதிகாலிலும் விரல் நுனியிலும் மட்டும் சேர்த்துவிடலாம். இழுவை குறையாமல் இருக்க, ஸ்பான்டெக்ஸ் ஒவ்வொரு வரிசையிலும் ஓட வேண்டும். செலவைக் குறைக்க ஒரு வரிசை விட்டு ஒரு வரிசை போடும் பழக்கம் பள்ளிக் காலுறைக்குச் சரி, இதற்கு ஆகாது. பாதத்தின் நடுவளைவில் இறுக்கமான பட்டை ஒன்றைப் பின்னிச் சேர்த்தால் காலுறை பாதத்தைக் கவ்விக்கொண்டு நிற்கும். உள்ளே நழுவுவதை நிறுத்துவதில் பாதி வேலை நூலுக்கு, பாதி வேலை அந்தப் பட்டைக்கு.

அளவிலும் நாம் ஏமாந்துவிடுகிறோம். எல்லாக் காலுக்கும் ஒரே அளவு என்று பின்னினால் சிறிய பாதத்துக்குக் குதிகால் பை மேலேறித் தொங்கும், அங்கிருந்துதான் நழுவல் தொடங்கும். 600 ஜோடிதானே என்று பார்க்காமல் இரண்டு அளவாவது பின்னுங்கள்.

உங்கள் 168 ஊசி எந்திரங்களை இந்த வேலைக்கு ஒதுக்குவது நல்லது. கண்ணிகள் நெருக்கமாக இருப்பதால் காலில் ஏறி விரியும்போது புள்ளிக்கு அடியில் துணி அதிகம் திறந்துகொள்ளாது. உள்ளங்காலில் துவாலையில் இருப்பதுபோன்ற டெர்ரி வளையம் வைக்கச் சொல்லிக் கேட்டால் மென்மையாக மறுத்துவிடுங்கள். டெர்ரி காலுக்கு இதமாகத்தான் இருக்கும். ஆனால் வளையங்கள் அசைந்துகொடுப்பதால் கால் அங்குமிங்கும் ஆடும், கருவியின் கம்பி காலுக்குத் தெரியாமலும் போகும். விரல் பக்கத்துத் தையலைக் கையால் கோத்து மூடும் தட்டைத் தையலாகக் கொடுங்கள். சாதாரணத் தையலின் வரப்பு, முழு எடையும் விரல்களில் விழும்போது தோலில் பதிந்துவிடும்.


எழுதியவர்: ரிஃபார்மர் பயிற்றுநர்

வணக்கம். நான் நூலும் பசையும் அறியாதவள். ஆனால் சென்னையில் பல ஆண்டுகளாக இந்தக் காலுறைகளை அணிந்தும் அணிவித்தும் வருகிறேன் என்பதால், புள்ளிகளை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

காலுறை செய்பவர்கள் பலர் எங்கள் பயிற்சியை நடைபோல எண்ணிக்கொண்டு, முன்பாதத்திலும் குதிகாலிலும் இரண்டு வட்டங்களாகப் புள்ளிகளை வைத்து நடுவளைவை வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். ரிஃபார்மரில் வகுப்பின் தொடக்கமே கால் வேலைதான். மல்லாந்து படுத்து, கால் வைக்கும் கம்பியில் முதலில் விரல் மேடுகளையும், அடுத்து நடுவளைவையும், பின்னர் குதிகால்களையும் பதித்து, வில்கம்பிகளின் எதிர்ப்பைத் தள்ளிப் படுக்கையை நகர்த்துகிறோம். நடுவளைவைப் பதிக்கும்போது பறவை கிளையைப் பற்றுவதுபோலப் பாதம் கம்பியைச் சுற்றி வளைகிறது. அங்கே புள்ளி இல்லாவிட்டால் கால் கம்பியிலிருந்து கீழே வழுக்கும், இழுபட்டு நீண்ட வில்கம்பிகள் படுக்கையை வேகமாகத் திருப்பி இழுக்கும். ஆகவே நடுவளைவுக்குக் கட்டாயம் புள்ளி வேண்டும். விரல்களின் அடியிலும் வேண்டும், அதுவும் நுனிவரை. பலகைபோல் உடலை நீட்டி நிற்கும் பயிற்சிகளில் எடை விரல் நுனிக்கே வருகிறது.

பக்கவாட்டில் கால்களை விரித்து நிற்கும் பயிற்சியில் ஒரு கால் அசையாத மேடையிலும் மற்றொன்று நகரும் படுக்கையிலும் இருக்கும். அப்போது வழுக்கல் முன்பின்னாக அன்றிப் பக்கவாட்டில் நிகழும். கோடுகளாக வைத்த பசை ஒரு திசையில் நன்றாகவும் மறுதிசையில் குறைவாகவும் பிடிப்பதை நான் உணர்ந்திருக்கிறேன். சின்னச் சின்ன வட்டப் புள்ளிகளுக்கு அந்த வேறுபாடு இல்லை.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்: உள்ளங்கால் முழுவதையும் பசையால் மெழுகிவிடாதீர்கள். பிடிப்பு மிகுந்தாலும் தொல்லைதான். கம்பியின்மேல் குதிகால்களைச் சற்றே திருப்ப வேண்டிய இடத்தில் பாதம் ஒட்டிக்கொண்டு நின்றால், அந்தத் திருகல் முழங்காலுக்குப் போய்விடும். துணி மூச்சுவிடவும் இடம் வேண்டும். சென்னையின் புழுக்கத்தில் ஒரு மணி நேர வகுப்பு முடிவதற்குள் காலுறை நனைந்துவிடுகிறது. மேற்பாதத்தில் வலைப்பின்னல் இருந்தால் பேருதவியாக இருக்கும்.

காலுறையைக் குறை சொல்லும் முன் நாங்களும் சிலவற்றைச் சரிபார்க்க வேண்டியிருக்கிறது. வகுப்புக்கு வகுப்பு கருவியின் ரெக்ஸின் உறையைக் கிருமிநாசினியால் துடைக்கிறோம். உலரும் முன் ஏறினால் எந்தப் புள்ளியும் நிற்காது. பித்தவெடிப்புக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு அப்படியே காலுறையை மாட்டிவரும் மாணவியர் உண்டு. அவர்கள் கால் உள்ளே நழுவுவதற்கு எந்த நூல்காரரும் பொறுப்பாக முடியாது.


எழுதியவர்: நூற்கண்டு

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சாயப்பட்டறையில் கேட்டேன்; சல்ஃபர் கறுப்பேதான். அச்சுப்பட்டறை ஐயா பந்தயத்தில் வென்றுவிட்டார். மென்மையூட்டியும் வழக்கம்போல் போட்டிருக்கிறார்கள், நாங்கள் சொல்லாததால்.

இரண்டு ஐயங்கள் மீதமிருக்கின்றன. கூடத்தார் பருத்திக்குப் பதிலாக மூங்கில் நூலில் கேட்கிறார்கள். வியர்வை நாற்றம் வராது என்று எங்கோ படித்திருக்கிறார்கள். அடுத்தது, அச்சிட்டு வருவதை நாங்களே எப்படிச் சோதிப்பது? ஒவ்வொரு மாதிரியையும் சென்னைக்கு அனுப்பி அவர்கள் ஏறி நின்று பார்த்துச் சொல்வதென்றால் மாதங்கள் ஓடிவிடும்.


எழுதியவர்: ஊசிக்கணக்கு

மூங்கில் நூல் என்று சந்தையில் விற்பது ஏறக்குறைய முழுவதும் மூங்கில் கூழிலிருந்து எடுத்த விஸ்கோஸ்தான். கூழைக் கரைத்து இழையாக்கும் அந்த வேதிமுறையைத் தாண்டி மூங்கிலின் கிருமியெதிர்ப்புக் குணம் எதுவும் நூலில் எஞ்சுவதில்லை. அமெரிக்காவின் மத்திய வணிக ஆணையம் அதனை மூங்கில் என்று மட்டும் எழுதி விற்பதை அனுமதிப்பதில்லை. மூங்கிலிலிருந்து செய்த ரேயான் என்றே எழுத வேண்டும். தொடுவதற்குப் பட்டுப்போல் இருக்கும், பருத்தியைவிட ஈரத்தையும் கூடுதலாக உறிஞ்சும். ஆனால் விஸ்கோஸ் நனைந்தால் தன் வலிமையில் ஏறத்தாழப் பாதியை இழக்கிறது. பருத்தியோ நனைந்தால் வலுவடைவது. புள்ளியைச் சுமக்கும் உள்ளங்காலில், அதுவும் நனைந்த நிலையில் இழுபடும் இடத்தில், நான் விஸ்கோஸைப் போட மாட்டேன். கூடத்தார் மனம் நோகாமல் இருக்க வேண்டுமானால் மேற்பாதத்துக்குப் போடுங்கள்.

வியர்வையைப் பற்றிக் கேட்டதால் ஈரத்துக்கு ஒரு கணக்கு. சாதாரணக் காற்றில் பருத்தி தன் எடையில் 8.5 விழுக்காடு ஈரத்தைப் பிடித்துவைக்கும், நைலான் 4 விழுக்காட்டை ஒட்டி, பாலியெஸ்டர் 0.4 விழுக்காடே. இதைப் பார்த்துவிட்டு முழுக்கப் பாலியெஸ்டருக்குப் போகச் சொல்பவர்கள் உண்டு. காலுறை விரைவில் உலரும் என்பது உண்மைதான்; நாற்றம் அதில் தங்கிவிடும் என்பதும் உண்மைதான். உள்ளங்காலுக்குச் சீவிய பருத்தி, மேற்பாதத்து வலைப்பின்னலுக்குப் பாலியெஸ்டரோ நைலானோ என்று பிரித்துக்கொண்டால் இரண்டின் நன்மையும் கிடைக்கும்.


எழுதியவர்: அச்சுப்பட்டறை

சோதனைக்கு எந்திரம் வேண்டாம், ஒரு பலகை போதும். சோபா தைப்பவரிடம் ரெக்ஸின் துண்டு ஒன்றை வாங்கி, வழவழப்பான பக்கம் மேலே வரும்படி பலகையில் இழுத்து ஒட்டுங்கள். காலுறைக்குள் கால் வடிவ மரக்கட்டையைச் செருகி, மேலே இரண்டு கிலோ எடையைக் கட்டிப் பலகையில் வைத்து, ஒரு முனையை மெல்ல உயர்த்துங்கள். எந்தக் கோணத்தில் நழுவத் தொடங்குகிறதோ அந்தக் கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்புதான் உராய்வுக் கெழு. 45 பாகையில் அது 1, 31 பாகையில் 0.6. புதிதாக ஒரு முறை, பத்துச் சலவைக்குப் பின் ஒரு முறை, இருபதுக்குப் பின் ஒரு முறை அளந்து எழுதிவையுங்கள். புதியதில் எல்லாப் பசையும் நன்றாகத்தான் பிடிக்கும். இருபதாவது சலவைக்குப் பிந்திய கோணமே உங்களுக்கு வேண்டியது. பெருங்கொள்முதல் வரும்போது கோவையிலுள்ள சிட்ராவில் (தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம்) தேய்மானத்துக்கும் சாய உறுதிக்கும் முறையான சோதனைச் சான்று பெற்றுக்கொள்ளலாம்.

அச்சிடுபவரிடம் இதையும் சொல்லுங்கள். காலுறையை வெறுமனே தட்டையாக விரித்து அச்சிட்டால், காலில் ஏறி விரியும்போது ஒவ்வொரு புள்ளியும் முதல் நாளிலிருந்தே இழுபட்டுக்கொண்டிருக்கும். கால் அளவுக்குச் சற்று அகலமான அலுமினியத் தகட்டில் காலுறையை மாட்டி, விரிந்த நிலையிலேயே அச்சிட வேண்டும். புள்ளி மூன்று, நான்கு மில்லிமீட்டர் விட்டத்தில் இருக்கட்டும், இடைவெளியும் ஏறத்தாழ அவ்வளவே. கூடத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் சிலிகோனாலேயே உள்ளங்காலில் எழுதச் சொல்லிக் கேட்பார்கள்; பெரிய பரப்பு மடியும் இடத்தில்தான் முதலில் உரியும். பெயரைக் கணுக்கால் பட்டையில் பின்னிக் கொடுத்துவிடுங்கள்.


எழுதியவர்: நூற்கண்டு

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். ரியாக்டிவ் கறுப்பில், மென்மையூட்டி இல்லாமல், 168 ஊசியில், மெல்லிய நைலான் சுற்றிய ஸ்பான்டெக்ஸை எல்லா வரிசையிலும் ஓடவிட்டு 24 ஜோடி பின்னினோம். சிலிகோன் கறுப்பிலும் வெள்ளையிலும் ஒன்றுபோல் இறுகியது. பலகைச் சோதனையில் இருபது சலவைக்குப் பிந்திய சிலிகோன் காலுறை, புதிய பி.வி.சி. மாதிரியைவிட உயரமான கோணத்தில் நின்றது, பழைய பி.வி.சி.யைப் பற்றிப் பேசாமல் இருப்பதே மேல். நடுவளைவுப் பட்டையை முதலில் மிக இறுக்கமாகப் பின்னிவிட்டு, அணிந்தவர்களின் காலில் தடம் விழுந்ததால் கொஞ்சம் தளர்த்தினோம்.

கூடத்தார் மூங்கிலைக் கைவிட்டுவிட்டார்கள், இரண்டு அளவுகளுக்கும் இசைந்துவிட்டார்கள். எழுத்தை உள்ளங்காலில் போட வேண்டும் என்பதில் மட்டும் விடாப்பிடியாக இருக்கிறார்கள். எழுத்துகளையே புள்ளிகளால் அமைத்து ஓர் அச்சுத் திரை செய்யக் கொடுத்திருக்கிறோம். வந்ததும் பலகையில் ஏற்றிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.